முன்னறிவிப்பின்றி வராதவர்

கடிகாரக்காரர் இறந்த ஒன்பதாம் நாள் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சதுரங்க மன்றத்தின் முத்திரை குத்திய நீளமான உறை. அவர் மனைவி ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்பு பார்ப்பவள். பழக்கதோஷத்தில் கடிதத்தில் முதலில் பிழைகளைத்தான் பார்த்தாள். இரண்டு இருந்தன. அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள்.

"கடந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தொடர வேண்டிய ஆட்டத்துக்குத் தாங்கள் முன்னறிவிப்பின்றி வராதது, விளையாட்டு வீரருக்குரிய பண்புக்கு ஒவ்வாத செயல் என மன்றம் கருதுகிறது. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் அளிக்கத் தவறினால், ஆட்டம் தலைவர் வென்றதாகப் பதிவு செய்யப்படும். தங்கள் முத்திரை நகர்வுத் தாள் பிரிக்கப்படாமலே அழிக்கப்படும்."

துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கச்சி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இவங்களுக்கு யாரும் சொல்லலையாக்கா?"

"சொல்லாம என்ன. கீழ கையெழுத்துப் போட்டிருக்காரே செயலாளர், அவரு எடுத்த அன்னிக்கு வந்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னாரு."

"அப்ப இது என்ன, கிறுக்கா?"

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைசி வரியிலேயே அவள் கண் நின்றிருந்தது. பிரிக்கப்படாமலே அழிக்கப்படும்.

அழிக்கப்படும் என்ற அந்தத் தாள் இருந்த உறையின் கதை இது. மன்றத்து அறை, தலைவருடைய தரை ஓட்டுக் கடைக்கு மேலே இருந்தது. கடை எட்டு மணிக்குச் சாத்தப்படும்; கடையோடு சேர்த்து மன்றமும் சாத்தப்படும். அதற்குள் முடியாத ஆட்டத்தில், அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்வைப் பலகையில் ஆடாமல் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு உறையைப் பிரித்து, அதில் உள்ளபடி காயை நகர்த்தி ஆட்டத்தைத் தொடர்வார்கள். இறப்பதற்கு முந்தைய ஞாயிறு, தலைவரோடு ஆடிய ஆட்டத்தில், கடிகாரக்காரர் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது தானாகச் சிரித்தார்.

"என்ன?"

"ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு வாரத்துக்கு அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது."

"என்ன எழுதினீங்க?"

"சொல்லக் கூடாது, விதி. அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குக் கடையில், கண்ணில் லென்ஸ் மாட்டியபடியே, ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தின் மேல் குனிந்தவர் நிமிரவில்லை. உன்னிப்பாகப் பார்க்கிறார் என்று எண்ணி வாடிக்கைக்காரர் ஒருவர் பத்து நிமிடம் தொந்தரவு செய்யாமல் நின்றிருந்தாராம். கடையில் இருந்த கடிகாரங்களை அவரவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றிலும் அவர் எழுதிக் கட்டிய சீட்டும் கூடவே போயிற்று. அவர் எழுதி இன்னும் ஒருவரும் படிக்காத காகிதம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த உறைக்குள் இருந்தது ஒன்றுதான்.

அது அவளுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

மறுநாள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மன்றத்துக்குப் போனாள். அறையில் பன்னிரண்டு மேசைகள் இருந்தன. சுவரில் நாற்பத்தோர் அறிவிப்புகள் இருந்தன. மேசைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. அறிவிப்புகளை அவள் எண்ணினாள், செயலாளர் வர அவ்வளவு நேரம் ஆனது. பேசாதே. இருமாதே. அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. பேனா மூடியைச் சத்தத்தோடு திறக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில்: "பண்பே வெற்றி". அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் நன்னடத்தைக் கோப்பை. அதில் பொறித்திருந்த ஒன்பது வருடப் பெயர்களையும் படித்தாள். ஒன்பதும் தலைவர். கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் குழுவின் தலைவரும் தலைவரே என்று கடிகாரக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார்.

செயலாளர் வந்தார். பிரதி எடுக்கும் கடை வைத்திருப்பவர். எதைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். இறப்புச் சான்றிதழையும் அப்படியே பார்த்தார்.

"வருத்தமான விஷயம்மா."

"உங்களுக்குத் தெரியுமே சார். அன்னிக்கு வந்திருந்தீங்களே."

"அது நான் தனிப்பட்ட முறையில வந்தது. மன்றத்துக்கு இப்பத்தான் தெரியுது." சான்றிதழை முன்பக்கம் திருப்பினார். விரல் வைத்துப் படித்தார். "புதன்கிழமை."

"ஆமா."

"ஆட்டம் ஞாயித்துக்கிழமை. வர முடியலைன்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும். புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும்..." விரல் விட்டு எண்ணினார். "நாலு நாள் இருந்திருக்கு. போதுமான அவகாசம்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்வதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட முகங்களை அவள் அச்சகத்தில் பார்த்திருக்கிறாள். திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயர் விடுபட்டிருப்பதைச் சுட்டிக் காட்டினால், "கைப்பிரதில அப்படித்தான் இருக்கு" என்பார்கள்.

"எனக்கு அந்த உறை மட்டும் போதும் சார்."

"உறை ஆட்டத்தோட சேர்ந்தது. ஆட்டம் முடியல. விசாரணைக் குழு ஞாயித்துக்கிழமை கூடுது, வாங்க. செருப்பை வெளிய விட்டுடுங்க, சத்தம் வருது."

வீட்டில் கடிகாரக்காரருடைய பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. அதைத் திறந்தாள். பதினோரு வருட ஆட்டத்தாள்கள் மடித்து அடுக்கியிருந்தன. எல்லாம் அவர் தோற்ற ஆட்டங்கள். அவர் அவ்வளவு மோசமான ஆட்டக்காரர் இல்லை, மற்றவர்களை வென்றவர்தான். ஆனால் தலைவருக்கு எதிராக அவர் கை ஓங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விதி எழுந்து நின்றது. ஒருமுறை குதிரையின் மேல் கிடந்த தூசியை, "சரிசெய்கிறேன்" என்று சொல்லாமல் ஊதிவிட்டார், தோல்வி. ஒருமுறை மேசைக்கடியில் தலைவர் முழங்கால் தட்டியதற்கு "மன்னிக்கணும்" என்றார். ஆட்டத்தின்போது பேச்சு, தோல்வி. போன வருடம் மூன்றாவது தும்மல். இரண்டு வரை அனுமதி உண்டு. அதற்கு முந்தின வருடம், ஆட்டம் தொடங்குமுன் கை குலுக்க வேண்டிய மூன்று விநாடியில் இரண்டிலேயே கையை எடுத்துவிட்டார். விரலில் எண்ணெய் இருந்தது, அடுத்தவர் கையில் ஒட்டக் கூடாதே என்று. மரியாதைக் குறைவு, தோல்வி. அந்த மூன்று விநாடியைக் கணக்கிட்ட கடிகாரமும், மன்றத்தின் மற்றப் பதின்மூன்று கடிகாரங்களும் அவர் பழுது பார்த்துக் கொடுத்தவை.

டப்பாவின் அடியில் விதிப்புத்தகம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு விதிகள். இரண்டு இரவு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு, முழுவதும் படித்தாள். அதை முழுவதும் படித்த முதல் மனுஷி அவளாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர்கள் படித்ததற்கு எந்த அறிகுறியும் அதில் இல்லை.

இரண்டு விதிகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டாள். ஒன்று, விதி நாற்பத்து நான்கு: உடல் இயலாமையால் வர முடியாத ஆட்டக்காரருக்குப் பதில் அவர் குடும்பத்தார் ஒருவர் ஆடலாம். தலைவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட வருடம் அவர் மருமகன் வந்து காய் நகர்த்துவதற்காக எழுதியது அது. மற்றது, விதி முப்பத்தொன்று: வந்து ஆடித் தோற்றவர் தம் தவற்றைப் படித்துத் திருந்தும்பொருட்டு, அவருடைய ஆட்டத்தாளும் முத்திரை நகர்வுத் தாளும் அவரிடமே ஒப்படைக்கப்படும். வென்றவருடையவை மன்றத்தின் சொத்து. துளையிட்டுக் கோப்பில் சேர்க்கப்படும். எக்காரணம் கொண்டும் வெளியே தரப்பட மாட்டா.

டப்பாவில் தோல்விகள் மட்டும் ஏன் இருக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விசாரணைக் குழு மூன்று பேராக உட்கார்ந்திருந்தது. தலைவர், செயலாளர், நடுவர். நடுவர் ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர். முப்பத்திரண்டு வருடம் தராசு சோதித்தவர். மன்றத்தில் அவருக்கு "படிக்கல்" என்று பெயர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள், அவருக்கும் அதில் பெருமைதான்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். இரண்டு பேருக்கும் ஒரு பெண்ணுக்கும் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டிய அவசியமில்லை; அவருக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது.

"இந்த மன்றம் ஜெயிக்கிறதுக்காக இல்லம்மா, பண்புக்காக. ஜெயிக்கிறதுதான் முக்கியம்னா நான் பத்தொன்பது வருஷமா ஜெயிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்ல. தோத்தவங்க முகத்தைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமாயிடும். அதனாலதான் நான் பார்க்கிறதே இல்ல. உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர். எங்க கடிகாரம் பதினாலையும் அவர்தான் பார்த்துக்கிட்டாரு. கை குலுக்கறதுலதான் கொஞ்சம் அவசரம்."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நாளைக்கு ஒருத்தன், இவர் ஒரு சாவால ஜெயிச்சாருன்னு சொல்லிடக் கூடாது பாருங்க. அது எனக்கு இழுக்கு, மன்றத்துக்கும் இழுக்கு. அதனால சாவைப் பதிவுல சேர்க்க வேண்டாம். அவர் வரல. வராததால நான் ஜெயிச்சேன். கண்ணியமா முடிச்சுக்கலாம்."

செயலாளர் எழுதிக்கொண்டார்: "வரவில்லை. கண்ணியம்."

அவள் விதிப்புத்தகத்தைத் திறந்து நாற்பத்து நான்கைப் படித்தாள். வெளியிலிருந்து ஒருவர் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து அதிலிருந்து படிப்பது அங்கே அதற்கு முன் நடந்ததில்லை.

"அது உடம்புக்கு முடியாதவங்களுக்கு" என்றார் தலைவர்.

"அவருக்கும் முடியலைதான் சார்."

"சாவு உடல் இயலாமையில வருமா?" என்று தலைவர் நடுவரைக் கேட்டார். வராது என்று சொல்லும்படி கேட்டார்.

படிக்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தராசின் முள்ளைப் பார்ப்பதுபோல் புத்தகத்தைப் பார்த்தார். "உடலால வர முடியுமா? முடியாது. அப்ப இயலாமைதான் சார்." அவளிடம் திரும்பினார். "தற்காலிகமா, நிரந்தரமா?"

"நிரந்தரம்."

"அப்படின்னா படிவம் வேற. மருத்துவர் கையெழுத்து வேணும்."

அவள் அடுத்த வாரம் மருத்துவரிடம் போனாள். படிவத்தில், "ஆட்டக்காரர் எப்போது குணமடைந்து திரும்புவார் என எதிர்பார்க்கப்படுகிறது?" என்று ஒரு வரி இருந்தது. அந்த மருத்துவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கோடு போட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த விவகாரம் முழுவதிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அவருக்குச் சதுரங்கம் தெரியாது.

படிவம் ஏற்கப்பட்டது. ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அவளுக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். விடுமுறை நாட்களில் அவரோடு ஆடுவாள். அவர் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடியும் ஜெயித்துவிடுவார். ஆட்டத்தன்று தங்கச்சியும் கூட வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்ச் நிறைந்திருந்தது. இந்த நாலு வாரமும் தலைவர் தன் வீட்டில் பலகையை வைத்து, மன்றத்து ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, கடிகாரக்காரர் என்ன எழுதியிருப்பார் என்று ஆராய்ந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஓரத்துச் சிப்பாயை வெட்டியிருப்பார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதற்கான பதில் நகர்வைத் தலைவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அப்படியும் அவர் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. ஒரு வாரம் என்று சொன்ன கடிகாரக்காரர் கணக்கு இதில் மட்டும் தப்பு.

கை குலுக்கல். படிக்கல் எண்ணினார். அவள் மூன்று விநாடியும் பிடித்திருந்தாள். தலைவர் கை ஈரமாக இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அம்மா" என்றார் படிக்கல். "எதிராளி கவனத்தைக் குலைக்கிற உணர்ச்சி வெளிப்பாடு கூடாது. விதி இருபத்திரண்டு. முதல் எச்சரிக்கை."

"கண்ணாடியைத்தான் சார் துடைச்சேன்."

"பேச்சு. ரெண்டாவது எச்சரிக்கை."

பெஞ்சிலிருந்து தங்கச்சி, "அடப்பாவிகளா" என்றாள். அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் கதவைத் தாண்டி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படிக்கல் உறையை எல்லாருக்கும் காட்டினார். ஒட்டு கலையவில்லை. மேலே கடிகாரக்காரருடைய கையெழுத்தில் நேரம் குறித்திருந்தது: மீதம் முப்பத்தெட்டு நிமிடம். தலைவருக்கு ஒரு மணி பத்து. அதன்படியே கடிகாரத்தின் இரண்டு முகங்களிலும் முள்ளைத் திருப்பி வைத்தார். பிறகு உறையைக் கத்தியால் கீறித் தாளை எடுத்து, வாசித்தார்.

"ராஜா, டி ஏழு."

ராஜாவை எடுத்து ஒரு கட்டம் தள்ளி வைத்தார். தாளை மேசை மேல் அவள் பக்கம் வைத்தார். அவள் பார்த்தாள். ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. சீட்டில் ஒன்றையும் ஏழையும் வாடிக்கைக்காரர்கள் மாற்றிப் படிக்கிறார்கள் என்று அவர் போட ஆரம்பித்த கோடு. கீழே தேதி, கையெழுத்து. வேறொன்றும் எழுதவில்லை. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் எந்த விதி எழுந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம்தான் அறையில் யாரும் மூச்சு விடவில்லை என்பதைக் கவனித்தாள்.

ஓரத்துச் சிப்பாயை அவர் சீண்டவே இல்லை. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். ஆனால் இப்போது தலைவர் ஆட வேண்டும். அவருடைய மந்திரி ஒரு சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. ராஜா இன்னொன்றைக் காத்துக்கொண்டிருந்தது. மற்றச் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. எது இருந்த இடத்தில் இருந்தாலும் அவருக்கு ஆபத்தில்லை. எதை நகர்த்தினாலும் ஏதோ ஒன்று போய்விடும், அதன் பின்னால் எல்லாம் போய்விடும். இன்று நான் ஆடவில்லை என்று சொல்லச் சதுரங்கத்தில் வழியில்லை. நூற்றுப் பன்னிரண்டு விதிகளுக்கு வெளியே, உலகம் முழுவதற்கும் பொதுவாக இருக்கும் அந்த விதியைத் தலைவரால் திருத்த முடியாது.

பின்வரிசையில் யாரோ "அப்பாடி" என்றார். அவரையும் வெளியே அனுப்பினார்கள்.

கடிகாரம் ஓடியது. கடிகாரக்காரர் பழுது பார்த்த கடிகாரங்களுக்கு ஒரு கனத்த ஓசை உண்டு. பெஞ்ச் வரை கேட்கும். தலைவர் பத்து நிமிடம் பார்த்தார். இருபது நிமிடம் பார்த்தார். மந்திரியின் மேல் கையைக் கொண்டுபோய்த் தொடாமல் எடுத்தார். தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். ஐம்பது நிமிடமாயிற்று.

அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இவர் ஆடாமலே உட்கார்ந்திருந்தால் இன்னும் இருபது நிமிடத்தில் இவருடைய நேரம் தீர்ந்து, கடிகாரத்தின் சின்னச் சிவப்புக் கொடி விழும். அவள் ஜெயித்துவிடுவாள். ஜெயித்தால் அந்தத் தாளில் இரண்டு துளை போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

கையை உயர்த்தினாள். படிக்கல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பேச அனுமதி கொடுத்தார்.

"நான் தோத்துட்டேன்னு எழுதிக்கோங்க சார். காகிதத்தைக் குடுங்க. முப்பத்தொண்ணாம் விதி."

தலைவர் முகத்தில் நாலு வாரத் தூக்கம் ஒரே நொடியில் வந்து இறங்கியது. "பெருந்தன்மை" என்றார். "இதுதான்மா பண்பு. எழுதுங்கய்யா, எழுதுங்க."

"எழுத முடியாது சார்" என்றார் படிக்கல்.

"ஏன்?"

"விதி பத்தொன்பது. ஜெயிக்கிற நிலையில இருக்கிறவர் தோல்வியை ஒத்துக்கிறது ஆட்டத்துக்கு அவமரியாதை. நடுவர் ஏத்துக்கக் கூடாது."

ஒருமுறை ஒரு பஸ் ஓட்டுநர் தலைவரைத் தோற்கடிக்கும் தறுவாயில், "சரி சார், நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்கோங்க, எனக்கு வண்டி எடுக்க நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். அந்த அவமானத்தில் பிறந்த விதி அது.

"இது ஜெயிக்கிற நிலைன்னு யார் சொன்னது?" என்றார் தலைவர்.

"அப்ப நீங்க தோக்காத ஒரு நகர்வைக் காட்டுங்க சார். காட்டினா ஏத்துக்கலாம். அதுவும் அதே விதியிலதான் இருக்கு."

"நான் எதுக்குக் காட்டணும்? அந்த விதியை நான்தான்யா எழுதினேன்."

"ஆமா சார். ஓட்டை இல்லாம எழுதியிருக்கீங்க." படிக்கல் இதைப் பாராட்டாகவே சொன்னார். தலைவருக்கு ஓர் எச்சரிக்கையும் எழுதிக்கொண்டு, கடிகாரத்தைத் திரும்ப ஓடவிட்டார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் வாங்கிய முதல் எச்சரிக்கை. செயலாளர் எந்தப் புத்தகத்தில் பதிவது என்று தெரியாமல் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார்.

அவள் மீண்டும் கையை உயர்த்தினாள். இந்த முறை தலைவரைப் பார்த்துப் பேசினாள். அலுவலகத்தில் பிடிவாதக்கார வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்.

"சார், நீங்க ஏதாவது ஒரு காயை நகர்த்துங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நகர்த்திட்டுக் கடிகாரத்தை அமுக்குங்க. அப்ப என் நேரம் ஓடும். நான் வெளிய போய் உட்கார்ந்துக்கிறேன், திரும்பி வர மாட்டேன். நேரம் தீர்ந்ததும் நீங்க ஜெயிச்சிடுவீங்க. அதுக்கு விதி எதுவும் குறுக்க நிக்கல. நான் பார்த்துட்டேன்."

எல்லாரும் படிக்கல்லைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டினார். "விதி இருபத்தேழு. தன் நேரத்துல ஆட்டக்காரர் வெளிய போகலாம். எப்ப திரும்பணும்னு இல்ல."

பெஞ்சில் இருந்த பதினாறு பேருக்கும் முன்னால், கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒன்பது வருட நன்னடத்தைக்கு நேர் கீழே, தலைவர் யோசித்தார். பலகையைப் பார்த்து யோசித்த அளவு நேரம் பிடிக்கவில்லை.

"ஆட்டக்காரர் சுதந்திரத்துல நான் தலையிட முடியாது" என்றார். மந்திரியை எடுத்து ஒரு கட்டம் நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கினார்.

அவள் எழுந்து வெளியே போனாள். மாடிப்படியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

சொன்னாள்.

"மந்திரியை நகர்த்திட்டானா? அப்ப நீ போய் அந்தச் சிப்பாயை வெட்டுக்கா. மாமா ஜெயிச்சிடுவாரு. பதினோரு வருஷம்க்கா. பலகையில பேரு போடுவாங்க."

"பேரு அவங்க சுவத்துல இருந்து என்ன பண்ணப்போவுது. அவருக்கு ஜெயிச்சே ஆகணும்னு இருந்திருந்தா, எண்ணெய்க் கையோட மூணு விநாடி பிடிச்சிருப்பாரு."

"இருந்தாலும் அந்த ஆளுக்கு விட்டுக்குடுக்கிறது வயிறு எரியுதுக்கா."

"எனக்கும்தான்."

தங்கச்சி எழுந்தாள். "சரி, வா. கீழ போய்க் காத்தாட நிக்கலாம். எப்படியும் நீ உள்ள போகப்போறதில்ல."

"இரு. இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."

"இருந்தா என்ன?"

"அது அவரோட நேரம்."

தங்கச்சி மறுபடி உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் கடிகாரத்தின் ஓசை வெளியே கேட்டது. பின்கதவைத் திறந்து, உள்ளே ஊதி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, காதருகே பிடித்து, தலையைச் சாய்த்துக் கேட்பாரே, அந்த ஓசை. ஓட்டுக் கடையில் யாரோ ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விநாடி விடாமல் முழுவதையும் கேட்டாள். கொடி விழும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், அதுவும் கேட்டது. அப்புறம் உள்ளே கைதட்டினார்கள்.

தாளைப் படிக்கல்லே கொண்டுவந்து கொடுத்தார். ஏழுக்குப் பக்கத்தில், நீல மையில், பெரிதாக "தோல்வி" என்று முத்திரை விழுந்திருந்தது.

"பின்பக்கம் குத்தியிருக்கலாமே சார்."

"முன்பக்கம்னு இருக்கும்மா." அவர் போகாமல் நின்றார். "நிலையைப் பத்தி நடுவர் கருத்துச் சொல்லக் கூடாது. நான் பத்தொன்பதாம் விதியைச் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்." அவள் செருப்பை மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, "சத்தம் வராம இறங்குங்க" என்றார்.

வருடக் கடைசியில் மன்றத்தின் ஆண்டறிக்கை அச்சுக்கு வந்தது. நகரத்தில் அந்த விலைக்கு அடிக்கும் அச்சகம் அவள் வேலை செய்வது ஒன்றுதான். மெய்ப்பு அவள் மேசைக்குத்தான் வரும். மூன்றாம் பக்கத்தில், நன்னடத்தைக் கோப்பை தொடர்ந்து பத்தாவது ஆண்டாகத் தலைவருக்கு வழங்கப்படுவதாக இருந்தது. "எதிராளி இருக்கையில் இல்லாதபோதும், முப்பத்தெட்டு நிமிடம் நாற்காலியை விட்டு எழாமல், சலிப்போ களிப்போ காட்டாமல் காத்திருந்த பெருந்தகைமைக்காக." ஐந்தாம் பக்கத்தில், மறைந்த உறுப்பினர்கள் பட்டியலில் கடிகாரக்காரர் இல்லை. முன்னறிவிப்பின்றி வராதவர்கள் பட்டியலில் இருந்தார். அவள் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பினாள். மற்றதெல்லாம் கைப்பிரதியில் இருந்தபடியே இருந்தது. அதை மாற்ற மெய்ப்பு பார்ப்பவருக்கு உரிமையில்லை.

அன்று சிவப்புப் பேனாவை மேசையில் வைக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மேலாக இருந்த தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ராஜா, டி ஏழு. தேதி. கையெழுத்து. எல்லாவற்றையும் ஒருமுறை சரி பார்த்தாள். பிழையில்லை. பிறகு, நீல முத்திரையின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் அதன் வாலைச் சுழித்து விட்டாள். அச்சுக் கோப்பவர்கள் அந்தக் குறியைப் பார்த்தால் கேள்வி கேட்க மாட்டார்கள். இது வேண்டாம், எடுத்துவிடு என்று அர்த்தம்.

மை காயும் வரை காத்திருந்து, மடித்து, டப்பாவில் வைத்து மூடினாள்.